முதல் செமஸ்டரும் உப்பளத்து மழைக்காலமும்



ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தூத்துக்குடி ரயில் நிலையத்துக்குப் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். முத்துநகர் எக்ஸ்பிரஸ் கிளம்புவதற்கு முன் ஒரு பிள்ளையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். பெட்டியைத் தூக்க மாமா இருப்பார், சித்தப்பா இருப்பார். ஒரு பிளாஸ்டிக் உறையை மட்டும் அந்தப் பிள்ளை யாரிடமும் கொடுக்காது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் காவல்துறை புகுந்தபோது வீட்டுச் சாமான்களோடு கடவுச்சீட்டுகளும் கல்விச் சான்றிதழ்களும் அழிக்கப்பட்டதை அவ்வூர் மக்கள் இன்றும் சொல்கிறார்கள். அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளும் இந்த மாவட்டத்தில் அந்த உறையை அப்படித்தான் பிடிக்கிறார்கள்.

காலையில் எழும்பூர். அங்கிருந்து சென்ட்ரல். பிறகு வடக்கே ஒன்றரை நாள் பயணம். அந்தப் பிள்ளை இறங்கும் இடத்தில் தொடங்குகிற முதல் ஆறு மாதத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம்.

முதல் செமஸ்டரில் நம் பிள்ளைகள் தடுமாறுவதற்கு ஆங்கிலம், உணவு, குளிர், தனிமை என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எல்லாம் உண்மைதான். ஆனால் பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியும் நம் வீட்டு நாட்காட்டியும் ஒன்றுக்கொன்று எதிராக ஓடுவதை யாரும் பேசுவதில்லை.

முத்துக்குப் பேர்போன கரை இது. ஆனால் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. முத்து இப்போது ரயிலின் பெயரில்தான் இருக்கிறது. நம் வீடுகள் பலவற்றில் அடுப்பு எரிவது உப்பால். தை, மாசியில் பாத்திகளைச் செப்பனிடுவார்கள். வெயில் ஏற ஏற உப்பு விளையும். புரட்டாசி வரை வாருகிற வேலை இருக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்தி மூழ்கிவிடும், கூலியும் நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது, அந்த மூன்று மாதமும் வருமானமே இல்லை என்பதால்தான்.

முதல் செமஸ்டர் ஜூலையிலோ ஆகஸ்டிலோ தொடங்கி டிசம்பரில் முடிகிறது. சேரும்போது கடன் வாங்கியாவது கட்டிவிடுகிறோம். மெஸ் பாக்கி, தேர்வுக் கட்டணம், தீபாவளிக்கு ஊர் வரும் டிக்கெட் எல்லாம் வந்து நிற்பது அம்மாவுக்கு வேலை இல்லாத அதே மாதங்களில். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, குவித்து வைத்த உப்பும் கரைந்து போனதே, அந்த வாரமும் செமஸ்டர் முடிகிற காலம்தான். வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும்போதும் அம்மா போனில் கேட்டது, "சாப்ட்டியாப்பா?" என்று மட்டுமே. பிள்ளையும் "சாப்ட்டேம்மா" என்றது. இரண்டு பேரும் உண்மையை மறைத்தார்கள்.

உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944 முதல் நடப்பது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த பாபாசாகேப் போராடிப் பெற்றது. இன்று குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் கிடைக்கும். ஆனால் விடுதியில் தங்கிக் கலை, அறிவியல் இளங்கலை படிப்பவருக்குப் பராமரிப்புத் தொகை ஆண்டுக்கு 6,000 ரூபாய், அதாவது மாதம் 500. தொழிற்படிப்புகளின் முதல் பிரிவுக்கு 13,500. வெளிமாநிலத்தில் படிப்பவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பணம் தரவேண்டியது சொந்த மாநிலம். இவர் நம் மாணவர்தான் என்று உறுதி செய்யவேண்டியது அங்குள்ள கல்வி நிறுவனம். இரண்டு மேசைகளுக்கு நடுவே விண்ணப்பம் கிடக்கும்போது மெஸ் பில் காத்திருக்காது. முன்பணம் கட்டாமல் சேர 'ஃப்ரீஷிப் கார்டு' என்ற ஏற்பாடு விதிமுறையிலேயே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கவேண்டும் என்று நம் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருக்கிறோமா?

பணம் ஒரு நாள் பிந்தினால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரப் பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்து அதுல் குமாரே சாட்சி. 2024இல் தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்தது. ஜூன் 24 மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் கட்டவேண்டும். தினக்கூலியான அப்பா ஊரில் திரட்டிக் கொண்டுவந்தபோது நேரம் தாண்டிவிட்டது, இடம் போனது. அந்த ஆண்டு நுழைவுத்தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் அந்தப் பையன் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தான். கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி இடத்தைத் திருப்பிக் கொடுத்தது. 17,500 ரூபாய்க்கு உச்ச நீதிமன்றம்! எத்தனை பேரால் அங்கே போக முடியும்?

பணத்தைத் தாண்டினால் வகுப்பறை. முதல் வாரத்திலேயே "உன் ரேங்க் என்ன?" என்று கேட்பார்கள். சாதியை நேரடியாகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கேட்கும் கேள்வி அது. எண்ணைச் சொன்னதும் எந்த ஒதுக்கீடு என்று தெரிந்துவிடும். அதன்பின் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதும் முடிவாகிவிடும். அகமதாபாத்திலிருந்து பம்பாய் ஐஐடிக்குப் போன 18 வயது தர்ஷன் சோலங்கியை முதல் செமஸ்டர் தேர்வுகள் முடிந்த கையோடு, 2023 பிப்ரவரி 12 அன்று இழந்தோம். நேரடியான சாதிப் பாகுபாட்டுக்கு ஆதாரம் இல்லை, படிப்பில் பின்தங்கியதே காரணமாக இருக்கலாம் என்றது நிறுவனத்தின் குழு. படிப்பில் ஏன் பின்தங்கினான் என்ற கேள்வியைக் குழுவின் விடை தொடவில்லை என்பது எங்கள் கருத்து. அதே ஆண்டு ஜூலையில், சக மாணவரிடம் ரேங்க் கேட்பது முறையல்ல என்று அந்த நிறுவனமே வழிகாட்டுதல் வெளியிட்டது.

நம் ஊர்ப் பிள்ளை ஒருவரையும் சொல்லவேண்டும். சேலம் ஜலகண்டாபுரத்து செந்தில்குமார், பன்றி வளர்த்துப் பிழைத்த குடும்பம், ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முனைவர் பட்ட மாணவர். வழிகாட்டி ஒதுக்கப்படவில்லை. ஒரு பாடத்தில் தேறவில்லை. உதவித்தொகை பற்றிய அச்சம் சேர்ந்தது. 2008 பிப்ரவரியில் இறந்தார். பின்னர் வினோத் பவராலா தலைமையிலான குழு விசாரித்தது. வழிகாட்டி ஒதுக்கும் விதிகள் எல்லோருக்கும் ஒரே சீராக இல்லை என்று தலித், பழங்குடி மாணவர்கள் உணர்ந்ததைப் பதிவு செய்தது. முதல் ஆறு மாதத்தில் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்பதற்குப் 'பின்தங்குவது' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள்.

பாபாசாகேபின் முதல் மாதங்களை நினைத்துப் பாருங்கள். 1913 ஜூலையில் நியூயார்க் போய் இறங்கினார். முதல் விடுதியின் சாப்பாடு ஒத்துவராமல் இடம் மாறினார். பிறகு லிவிங்ஸ்டன் ஹாலில் நவல் பத்தேனா என்ற பார்சி மாணவரோடு அறையைப் பகிர்ந்தார். அந்த நட்பு ஆயுள் முழுக்க நீடித்தது. பரோடா மன்னரின் உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுன் வந்தது. ஒரு நண்பன், தேதி தவறாத பணம், சாதி கேட்காத ஆசிரியர்கள். இவ்வளவும் கிடைத்த அதே மனிதருக்கு 1917இல் பரோடாவில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை.

2012இல் யுஜிசி கொண்டுவந்த சமத்துவ ஒழுங்குமுறைகளின்படி, ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாடு தடுப்பு அதிகாரியும் இருக்கவேண்டும். வகுப்பில் ஒதுக்கீட்டு மாணவர் என்று முத்திரை குத்துவது குற்றம். மாணவத் தோழர்கள் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த அதிகாரியின் பெயரையும் அறை எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்படி ஒருவரே இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்குள்ள அம்பேத்கர் மாணவர் அமைப்பின் அண்ணன், அக்கா ஒருவரின் எண்ணை வீட்டிலும் கொடுத்து வையுங்கள்.

இங்கே இருக்கிற நாங்கள் செய்யவேண்டியதும் உண்டு. வழியனுப்பு விழாவில் சால்வை போட்டு, போட்டோ எடுத்து, ஆகஸ்டிலேயே எல்லாப் பணத்தையும் செலவழித்துவிடுகிறோம். அந்தத் தவறை நாங்களும் பல ஆண்டு செய்தோம். இப்போது பாதியை எடுத்து வைக்கிறோம். இந்த ஆண்டு வெளிமாநிலம் போகிற பிள்ளைகளின் பட்டியல் வாசல் மேசையில் இருக்கிறது. எந்த ஊர், எந்த விடுதி, எந்த மாதம் எவ்வளவு கட்டவேண்டும் என்று எழுதியிருக்கிறோம். ஜூலை, ஆகஸ்ட் கட்டங்களில் பெயர்கள் நிறைந்துவிட்டன. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இன்னும் காலியாகக் கிடக்கிறது. பேனா பக்கத்திலேயே இருக்கிறது.