ஏப்ரலில் மூன்று நாட்கள்

ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். மறுநாள் 24, எழுத்தாளர் ஜெயகாந்தன் பிறந்தநாள். 1934-இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். அதற்கடுத்த 25, எழுத்தாளர் புதுமைப்பித்தன் பிறந்தநாள். 1906-இல் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர்.

பெரியபுராணம் அரங்கேறியதும் இதே கடலூர் மாவட்டத்தில், சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் என்பது மரபு. கூடி உட்கார்ந்து இலக்கியம் கேட்பது இந்த மண்ணின் பழைய வழக்கம். அதன் இன்றைய வடிவம்தான் நூலக வாசகர் வட்டம்.

அங்கே வாசிப்பை எதில் தொடங்கலாம்? புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' சிறுகதையில் தொடங்குங்கள். சீதை தன் அக்கினிப் பரீட்சையைச் சொல்லக் கேட்ட அகலிகை மீண்டும் கல்லாகிவிடுகிறாள். ஏன்? பத்துப் பேர் கூடினால் பத்து விடை கிடைக்கும்.

உங்கள் ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் என்றைக்குக் கூடுகிறது என்று கேளுங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.