மந்தமான நாடியும் குளிசைப் பையும்

ஓய்வாக இருக்கும் வளர்ந்தவரின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிக்கும். அதற்குக் கீழே இறங்குவதெல்லாம் நோயல்ல. தோட்டவேலையில் உரமேறிய உடம்புக்கு 50 துடிப்பே போதுமானதாக இருக்கலாம். உறக்கத்தில் இன்னும் குறையும். ஆனால் நீண்டகால இதயநோயாளியின் நாடி 40ஐ நெருங்கி, எழும்பும்போது தலைச்சுற்றும் நாலடி நடக்கக் களைப்பும் வந்தால், காரணத்தைத் தேடியே ஆகவேண்டும்.

துடிப்பைத் தொடக்கிவைப்பது வலது மேலறையிலுள்ள சைனஸ் கணு. அங்கு எழும் மின் அலை மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள மற்றொரு கணுவில் சற்றே தாமதித்துக் கீழிறங்கும். முதுமையும் மாரடைப்பும் இந்தப் பாதையைப் பழுதாக்கும். தைரொயிட் சுரப்புக் குறைந்தாலும் நாடி மந்தமாகும்; அதை ஓர் இரத்தப் பரிசோதனை காட்டிவிடும்.

எனினும் முதலில் பார்க்கவேண்டியது நோயாளியின் குளிசைப் பையைத்தான். பைசோப்ரோலோல், அட்டெனோலோல் போன்ற பீட்டா தடுப்பிகள் துடிப்பைக் குறைப்பதற்கென்றே தரப்படுபவை. அட்டெனோலோலும், நாடியைத் தாழ்த்தும் இன்னொரு இதய மருந்தான டிஜொக்சினும் பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகின்றன. சிறுநீரகம் தளரும்போது, நேற்றுவரை சரியாக இருந்த அளவே இன்று மிகையாகிவிடும். குளுக்கோமாவுக்குக் கண்ணில் விடும் டிமோலோல் துளிகளும் இரத்தத்தில் கலந்து நாடியைத் தாழ்த்தும். கண்மருந்தைப் பற்றி இதய வைத்தியரிடம் சொல்ல எத்தனை பேருக்குத் தோன்றும்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் மாதமருந்து, தனியார் வைத்தியர் எழுதிய மருந்து, கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ பிள்ளைகள் அனுப்பியது என ஒரே வீட்டில் மூன்று வழியாகக் குளிசைகள் சேரலாம். பெட்டியில் பெயர் வேறாக இருக்கும், உள்ளே மருந்து ஒன்றாக இருக்கும். ஆகவே கிளினிக் கொப்பியோடு, கண்மருந்து உட்பட வீட்டிலுள்ள அத்தனை மருந்தையும் கொண்டுபோய்க் காட்டவேண்டும். பயந்துபோய்த் தாமாகவே பீட்டா தடுப்பியைச் சட்டென நிறுத்துவதும் ஆபத்து. நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம்.

வீட்டில் நாடி பார்ப்பவர்கள் ஐந்து நிமிடம் அமர்ந்திருந்து, பெருவிரல் பக்க மணிக்கட்டில் மற்றக் கையின் இரு விரல்களை வைத்து, முழு நிமிடமும் எண்ணவேண்டும். துடிப்பு ஒழுங்கற்றவர்களுக்குப் பதினைந்து விநாடிக் கணக்கு பொய்த்துப்போகும். உணவிலும் கவனம் வேண்டும். இதயம் பலவீனமானவர்களுக்குக் கருவாடும் மோர்மிளகாயும் உப்பைக் கூட்டிக் கால்களை வீங்கவைக்கும். ஸ்பைரோனோலக்டோன், எனலாப்ரில் எடுப்பவர்களுக்கு, அதிலும் சிறுநீரக நோயுள்ளவர்களுக்கு, நாள்தோறும் இளநீர் குடிப்பது நல்லதல்ல. இளநீரிலுள்ள பொட்டாசியம் உடலில் மிகுந்தால் இதயம் மந்தமாகும், நின்றும் போகலாம்.

மருந்தைத் திருத்தியும் மின்பாதை தேறாவிட்டால் பேஸ்மேக்கர் எனும் இதயமுடுக்கி தேவை. 1958இல் சுவீடனில் முதன்முதலாக அது உடலுக்குள் வைக்கப்பட்டபோது, சில மணிநேரமே இயங்கியது. அதைப் பெற்ற ஆர்னே லார்சன், பிறகு பல கருவிகளை மாற்றிக்கொண்டு 2001வரை வாழ்ந்தார். இங்கோ, 2006 ஓகஸ்ட்டில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி போரால் மூடப்பட்டபோது, கொழும்பில் சிகிச்சை பெறவேண்டியவர்களுக்குக் கப்பலோ விமானமோதான் வழியாயிற்று. இன்று யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலேயே இதயநோய்ப் பிரிவு இயங்குகிறது.

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு நாடி மந்தமானால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக்கூடாது. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். நெடுந்தீவில் இருப்பவர்கள் குறிகட்டுவானுக்குக் கடல்கடக்க வேண்டியிருப்பதால், விடியட்டும் என்று பொறுக்காமல் உடனே தீவின் வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும்.