தகவல் கீழேயும் இறங்கி வரட்டும்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது 'மக்களைத் தேடி மருத்துவம்'. இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுபோகும் இத்திட்டத்துக்கு 2024-இல் ஐ.நா. அமைப்புகளின் விருது கிடைத்தது. அதன் அச்சாணி, மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள். அவர்கள் எடுக்கும் அளவுகள் இணையப் பதிவேட்டில் ஏறுகின்றன. கர்ப்பிணிகளுக்கு 12 இலக்க எண் கொடுத்துத் தொடரும் 'பிக்மி' தளமும் நம்மிடம் உண்டு. ஆக, தளம் அமைக்கத் தமிழ்நாட்டுக்குத் தெரியும். ஆனால் தகவலை மேலே ஏற்றுவதற்கு மட்டும் ஒரு தளம் இருந்தால், அது கணக்குப்பிள்ளை வேலையோடு நின்றுவிடும். ஊரின் உடல்நலத்துக்காகப் பேசக்கூடியவர்களை உருவாக்க வேண்டுமானால், அதே தகவல் அவர்கள் கைக்குத் திரும்பி வரவேண்டும்.

சங்கரன்கோவிலையே எடுத்துக்கொள்வோம். விசைத்தறி ஊர். ஓடுகிற தறியை விட்டு எழுந்து வந்தவருக்கு அந்தக் கையோடு இரத்த அழுத்தம் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டலாம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரவைத்து, பாதம் தரையில் படிய, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, பேச்சுக் கொடுக்காமல் பார்க்க வேண்டும். இதைச் சொல்லும் தமிழ்க் காணொளி தன்னார்வலரின் செல்போனிலேயே இருக்கலாம். அதைவிட முக்கியம், தன் தெருவில் 140/90-க்கு மேல் இருப்பவர் யார், மாத்திரையை நிறுத்தியவர் யார் என்பதை அவரே பார்க்க முடிவது. பகல் ஷிப்டுக்குப் போகிறவர்கள்தான் தொடர்ந்து விடுபடுகிறார்கள் என்று பட்டியல் காட்டினால், "சாயங்காலம் முகாம் போடுங்கள்" என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆதாரத்தோடு கேட்கலாம். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துக்கு முன்பு குடிநீர் பற்றிய அறிவிப்பு எல்லாத் தன்னார்வலருக்கும் ஒரே நாளில் போய்ச் சேரும் என்பது கூடுதல் பயன்.

திரையைப் பார்த்து மருத்துவ வேலை பழக முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது, கைப்பழக்கம் செவிலியர் பக்கத்தில் நின்று சொல்லித்தந்தால்தான் வரும். ஆனால் பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து, ஒரு வீட்டு வாசலில் சந்தேகம் எழும்போது செவிலியர் பக்கத்தில் இருப்பதில்லை. கொரோனா பரவிய 2020-இல் ஒன்றிய அரசு 'தீக்ஷா' தளம் வழியாக முன்களப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்ததும் இப்படிப்பட்ட இடைவெளியை நிரப்பத்தான். நோட்டிலும் எழுதி, செல்போனிலும் ஏற்றும் இரட்டை வேலை என்ற குறை அந்தக் கேள்வியைவிடக் கனமானது. அது நியாயமான குறை. தளம் வந்த பிறகு நோட்டை எடுத்துவிட வேண்டும். டேட்டா செலவை ஊக்கத்தொகையில் வேலை செய்யும் பெண்ணின் தலையில் கட்டக் கூடாது. நோயாளியின் அந்தரங்கம் கசியும் என்ற அச்சத்துக்கு, அவரவர் பார்க்கும் வீடுகளின் விவரம் மட்டுமே அவரவருக்குத் திறக்க வேண்டும் என்பதே விடை.

சுகாதாரத் துறை அடுத்த பயிற்சிப் பாடத்தை எழுத உட்காரும்போது, சங்கரன்கோவில் போன்ற ஊர்களின் தன்னார்வலர்கள் சிலரையும் அழைத்து உடன் உட்காரவைக்க வேண்டும்.