காப்பாற்றிய காலை அளப்பது எப்படி?

எலும்பு, தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் தோன்றும் புற்றுநோயைச் சார்க்கோமா என்பர். காலில் இந்நோய் கண்டால் காலையே துண்டிப்பது ஒரு காலத்தில் வழக்கம். இன்று பெரும்பாலோருக்குக் கட்டியை மட்டும் அகற்றிக் காலைக் காப்பாற்ற முடிகிறது. ஆனால், அந்தக் கால் எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதை எப்படி அறிவது? இயன்முறை மருத்துவம் பயிலும் எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் ஒரு நோயாளி.

இதற்கு இரண்டு அளவுகோல்கள் பரவலாகப் பயன்படுகின்றன. ஒன்று எம்.எஸ்.டி.எஸ். அமெரிக்க எலும்பியல் மருத்துவர் என்னகிங் குழுவினர் இதன் இன்றைய வடிவத்தை 1993-இல் வெளியிட்டனர். வலி, செயல்பாடு, மன ஏற்பு, ஊன்றுகோல் தேவை, நடக்கும் திறன், நடையின் அமைப்பு ஆகிய ஆறுக்கும் தலா 5 புள்ளிகள், மொத்தம் 30. புள்ளியிடுபவர் மருத்துவர்.

மற்றொன்று டெஸ். கனடாவின் டொரொண்டோவில் உருவாகி 1996-இல் வெளிவந்தது. இதில் பதில் சொல்பவர் நோயாளி. காலுறை அணிவது, படியேறுவது, மண்டியிடுவது, தோட்ட வேலை என 30 கேள்விகள். ‘செய்யவே இயலாது’ என்றால் 1. ‘சிரமமே இல்லை’ என்றால் 5. கூட்டுத்தொகை 0 முதல் 100 வரையிலான மதிப்பெண்ணாக மாற்றப்படும். தம் வாழ்க்கையில் இல்லாத செயலுக்குப் ‘பொருந்தாது’ எனக் குறிக்கலாம். அக்கேள்வி கணக்கில் சேராது.

நான் தவறியது இங்கேதான். பயிற்சிக்குச் சென்ற இடத்தில், தொடையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெரியவர் ஒருவருக்குப் படிவத்தைத் தமிழில் சொல்லி நிரப்பினேன். தோட்ட வேலை பற்றிக் கேட்டேன்.

“அதெல்லாம் இப்ப செய்யறதில்ல பாப்பா.”

‘பொருந்தாது’ என்று குறித்தேன். மேலும் சில கேள்விகளுக்கும் அப்படியே. படிவத்தைப் பார்த்த என் மேற்பார்வையாளர், “செய்வதில்லையா, செய்ய முடியவில்லையா?” என்றார். திரும்பிச் சென்று கேட்டேன்.

“முன்ன செய்வீங்களா ஐயா?”

“தினமும்தான். வெண்டை, கத்திரி எல்லாம் நானே போட்டது. ஆப்பரேஷனுக்கு அப்புறம் குனிய முடியல, விட்டுட்டேன்.”

இதனால் என்ன வேறுபாடு? ஓர் எடுத்துக்காட்டு: 25 கேள்விகளுக்கு 4 புள்ளிகள், மீதி ஐந்துக்கு 1 புள்ளி என்றால் மதிப்பெண் 62.5. அந்த ஐந்தையும் ‘பொருந்தாது’ என ஒதுக்கினால் 75. காலில் எந்த முன்னேற்றமும் இல்லை. தாளில் மட்டும் குணமாகிவிடுகிறார்! அவர் இழந்த தோட்டம் யார் கண்ணிலும் படாது. அதற்கான பயிற்சியும் கிடைக்காது.

படிவத்தைத் திருத்தினேன். தாழ்வான முக்காலியில் அமர்ந்து எழும் பயிற்சி அவருடைய சிகிச்சைத் திட்டத்தில் சேர்ந்தது.

தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் தமிழை வீட்டோடு நிறுத்திக்கொண்டவள் நான். ‘செய்வதில்லை’, ‘முடியவில்லை’ என்னும் இரு சொற்களுக்கிடையே ஒருவரின் வாழ்க்கை இருக்கக்கூடும் என அன்றுதான் உணர்ந்தேன். மருத்துவத் துறையில் பயிலும் நண்பர்களே, நம் பெரியவர்களிடம் படிவத்தோடு செல்லும்போது இன்னொரு கேள்வியும் சேர்த்துக் கேளுங்கள்: “முன்பு செய்வீர்களா?”