பெயருக்குப் பேரம் வேண்டாம், விதிக்குப் பேரம் பேசுங்கள்

நீதிபதி நியமனத்தில் எதிர்க்கட்சி விட்டுக்கொடுக்கலாமா? மலாக்காத் தமிழர்களுக்கும் இந்தக் கேள்வியில் பங்கு உண்டு.

ரெம்பியாவில் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. மலாக்கா மாநிலம் முழுக்க இப்படி 21 பள்ளிகள். இவை இயங்குவதே சட்டப்படி சரிதானா என்ற கேள்வி சில ஆண்டுகளுக்கு முன் நீதிமன்றம் ஏறியது. தமிழ், சீனப் பள்ளிகள் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானவை என்று சில அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2021 டிசம்பர் 29 அன்று கோலாலம்பூர் உயர்நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார். 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

தோட்டத்து லயத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, இன்று அலோர் காஜாவிலும் மலாக்கா நகரிலும் வேலை பார்க்கும் நம் மக்களுக்கு நீதிமன்றம் தூரத்து விஷயமாகத் தோன்றலாம். ஆனால் பள்ளி, நிலம், பிள்ளையின் மதம் என்று நம்மை உலுக்கிய வழக்குகள் எல்லாம் கடைசியில் போய் நின்ற இடம் அதுதான். பிள்ளையை மதம் மாற்றப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்று இந்திரா காந்தி வழக்கில் 2018 ஜனவரி 29 அன்று சொன்னது கூட்டரசு நீதிமன்றம். வாக்கு எண்ணிக்கையில் சிறுபான்மையாக இருப்பவனுக்கு நாடாளுமன்றம் தராததை நீதிமன்றம் தரக்கூடும். அதனால்தான் அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார், அவரை உட்கார வைப்பவர் யார் என்பது நம் வீட்டுக் கவலை.

ஒரு பெயர் நடக்கும் பாதை

நம் நாட்டில் உயர்நீதிமன்றத்துக்கோ அதற்கு மேலோ ஒருவர் நீதிபதியாக வேண்டுமானால், அரசமைப்புச் சட்டத்தின் 122பி பிரிவு ஒரே வழியைத்தான் சொல்கிறது. பிரதமர் பெயரைப் பரிந்துரைப்பார். ஆட்சியாளர் மன்றத்தைக் கலந்தாலோசித்தபின் மாமன்னர் நியமிப்பார். மக்களவையில் வாக்கெடுப்பு கிடையாது. எதிர்க்கட்சித் தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டிய கட்டாயமும் கிடையாது.

இடையில் நீதித்துறை நியமன ஆணையம் என்று ஒன்று 2009 முதல் இருக்கிறது. அதில் ஒன்பது பேர். தலைமை நீதிபதி, மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைவர், மலாயா உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி, சபா சரவாக் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆகிய நால்வரும் பதவி வழியில் உறுப்பினர்கள். எஞ்சிய ஐவரில் ஒருவர் கூட்டரசு நீதிமன்ற நீதிபதி, நால்வர் பிரமுகர்கள். இந்த ஐவரையும் நியமிப்பவர் பிரதமர். அதாவது பெயரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பாதிக்கு மேல் அவர் கையால் வந்தவர்கள். அந்தக் குழு தரும் பெயர் பிடிக்காவிட்டால், மேல்பதவிகளுக்கு இன்னும் இரு பெயர்களைக் கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு. இந்த ஆணையத்தைப் பற்றி அரசமைப்புச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. சாதாரணச் சட்டத்தால் வந்தது. சாதாரணப் பெரும்பான்மையால் போய்விடவும் கூடும்.

இதன் விளைவை 2025-இல் கண்ணால் பார்த்தோம். நாட்டின் முதல் பெண் தலைமை நீதிபதியான துன் தெங்கு மைமுன் ஜூலை 2 அன்று ஓய்வு பெற்றார். மறுநாளே மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைவரும் ஓய்வு பெற்றார். அடுத்து வருபவர் யார் என்று அப்போது நாட்டுக்குத் தெரியாது. ஜூலை 14 அன்று வழக்கறிஞர்கள் கண்டன ஊர்வலமாகப் புத்ராஜெயாவில் நடந்தார்கள். ஆளும் தரப்பைச் சேர்ந்த ரஃபிசி ரம்லியும் வேறு சில எம்பிக்களும் இதுபற்றி அரச விசாரணை ஆணையம் கேட்டார்கள். ஜூலை 28 அன்றுதான் புதிய தலைமை நீதிபதியாக வான் அகமட் ஃபரிட் பதவியேற்றார். அவரது தகுதியை நான் இங்கே எடைபோடவில்லை. அவர் முன்பு அம்னோ அரசியலில் இருந்தவர் என்பதை வைத்து ஊர் பேசியது. எல்லாரும் ஒப்பிய முறையில், உரிய நேரத்தில் அவர் பெயர் வந்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது. முறை சரியில்லாதபோது, நல்ல நீதிபதியின் மேலும் சந்தேகத்தின் நிழல் விழுகிறது.

தவறவிட்ட வாய்ப்பு

நீதித்துறையின் மேல் ஆளும் தரப்பின் அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 1988 காட்டிவிட்டது. அந்த ஆண்டு தேசிய முன்னணி தன் மூன்றில் இரண்டு பங்கு பலத்தால் நீதிமன்றங்களின் அதிகாரத்தைப் பற்றிய 121-ஆவது பிரிவையே திருத்தியது. பின்னர் நாட்டின் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் பதவி நீக்கப்பட்டார். உச்சநீதிமன்ற நீதிபதிகளில் இருவரும் நீக்கப்பட்டனர். அந்தத் திருத்தம் நிறைவேறியபோது எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் இசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் தடுப்புக் காவலில் இருந்தார். விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கக்கூட எதிர்க்கட்சிக்கு அன்று வழியில்லை.

இருபது ஆண்டு கழித்து வழி பிறந்தது. நீதிபதி நியமனத்தைப் பற்றி ஒரு வழக்கறிஞர் தொலைபேசியில் பேசுவதுபோன்ற காணொளியை 2007 செப்டம்பரில் அன்வார் இப்ராகிம் வெளியிட்டார். அதே மாதம் 26 அன்று வழக்கறிஞர்கள் புத்ராஜெயாவில் நடந்தார்கள். 2008 மார்ச் 8 தேர்தலில் தேசிய முன்னணிக்கு 140 இடங்கள், எதிர்த்தரப்புக்கு 82. அரசமைப்பைத் திருத்த 222-இல் 148 வேண்டும். எதிர்க்கட்சியின் கை இல்லாமல் 122பி-யைத் தொடவே முடியாது என்ற நிலை. பிரதமர் அப்துல்லா படாவி ஆணையம் அமைக்க முன்வந்தார். அது 2008 டிசம்பரில் சாதாரணச் சட்டமாக நிறைவேறியது. இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, எட்டு வாக்குகளைத் தேடிச் சேர்த்து, அந்த ஆணையத்தை அரசமைப்புக்குள்ளேயே எழுதியிருந்தால் 2025-இல் இன்னொரு நடைப்பயணத்துக்குத் தேவை வந்திருக்காது. அன்று காணொளியை வெளியிட்டவர் இன்று பிரதமர். எதிர்வரிசையில் இருக்கும்போது எழுதி வாங்காததை, ஆளும் நாற்காலியில் ஏறியபின் யாரும் தானாகக் கொடுப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ரெம்பியாவுக்குத் தெரிந்த பாடம்

எதிர்க்கட்சி விட்டுக்கொடுத்துப் பெரிய காரியம் சாதித்த கதையும் நம்மிடம் இருக்கிறது. கட்சித் தாவல் என்றால் என்ன என்று ரெம்பியா வாக்காளருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். 2018-இல் மலாக்காவின் 28 சட்டமன்றத் தொகுதிகளில் நம்பிக்கைக் கூட்டணி 15, தேசிய முன்னணி 13. ரெம்பியாவில் வென்றவர் பிகேஆர் வேட்பாளர். 2020 மார்ச்சில் அவரும் வேறு சிலரும் அணி மாற, மாநில அரசே கவிழ்ந்தது. 2021 அக்டோபரில் நான்கு உறுப்பினர்கள் ஆதரவை விலக்கிக்கொள்ள, சட்டமன்றம் கலைந்து நவம்பரில் மீண்டும் தேர்தல்.

அதே 2021 செப்டம்பர் 13 அன்று, எதிர்வரிசையில் இருந்த நம்பிக்கைக் கூட்டணி பிரதமர் இஸ்மாயில் சப்ரியின் அரசோடு ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஆட்சியைக் கவிழ்க்க மாட்டோம். பதிலுக்குச் சீர்திருத்தம் வேண்டும் என்பது சாரம். துரோகம் என்று சொந்தத் தொண்டர்களே திட்டினார்கள். ஆனால் 2022 ஜூலை 28 அன்று கட்சித் தாவலைத் தடுக்கும் அரசமைப்புத் திருத்தம் மக்களவையில் 209 வாக்குகளோடு நிறைவேறியது. மந்திரி பதவி கேட்டிருந்தால் அது சில மாதங்களில் மறைந்திருக்கும். சட்டம் கேட்டதால் அது நிலைத்தது.

அந்த ஒப்பந்தத்தின் தலைப்புகளில் நீதித்துறைச் சுதந்திரமும் ஒன்று. 122பி மட்டும் அப்படியே நிற்கிறது. பாதி வேலை மிச்சம் இருக்கிறது.

சம்பந்தன் அமர்ந்த நாற்காலி

விதியைக் கேட்டு வாங்கினால் என்ன கிடைக்கும் என்பதை இலங்கை காட்டியது. 2015-இல் வந்த 19-ஆவது திருத்தத்தின்படி, அரசமைப்புப் பேரவை ஒப்புதல் தந்தால்தான் ஜனாதிபதி தலைமை நீதியரசரையும் உச்சநீதிமன்ற நீதியரசர்களையும் நியமிக்க முடிந்தது. பேரவையில் அன்று பத்துப் பேர். எதிர்க்கட்சித் தலைவருக்கு அதில் இடம் இருந்தது. இன்னும் ஐவரைப் பிரதமரும் அவரும் சேர்ந்தே முன்மொழிய வேண்டியிருந்தது. அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் இரா. சம்பந்தன். 225 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் அவருடைய தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 16 இடங்கள்தான்.

2018 நவம்பர் 9 அன்று ஜனாதிபதி சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தார். எதிர்த்து வழக்காடியவர்களில் முன்னின்றவர் சம்பந்தன். டிசம்பர் 13 அன்று ஏழு நீதியரசர்கள் ஒருமனதாக அந்தக் கலைப்பு செல்லாது என்றார்கள். அந்த அமர்வுக்குத் தலைமை வகித்த நளின் பெரேரா, சிறிசேனவே முன்மொழிந்து, பேரவை ஒப்பி, சில வாரங்களுக்கு முன்தான் தலைமை நீதியரசர் ஆனவர். நியமித்தவரின் முகத்தைப் பார்க்காமல் அவர்கள் சட்டத்தைப் பார்த்தார்கள். தமிழரசியலில் விட்டுக்கொடுத்தல் என்றாலே சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் உண்டு. இந்த ஒரு நாற்காலி, பல ஊர்வலங்கள் தராததைத் தந்தது.

அமெரிக்காவில் நடந்தது வேறு. 2005 மே மாதம் இரு கட்சிகளிலும் ஏழு ஏழு பேராக 14 செனட்டர்கள் கூடி, சில நீதிபதிகளின் பெயர்களை விட்டுவிடுவது, அசாதாரண நிலையில் மட்டுமே தடுப்பது என்று ஒத்துக்கொண்டார்கள். எந்த விதியும் மாறவில்லை. 14 பேரின் வாக்குறுதி மட்டுமே. 2013-இல் ஜனநாயகக் கட்சி கீழ் நீதிமன்ற நியமனங்களைச் சிறுபான்மைத் தரப்பு தடுக்கும் முறையை நீக்கியது. 2017-இல் குடியரசுக் கட்சி உச்சநீதிமன்றத்துக்கும் நீக்கியது. ஆளுக்கு ஆள் செய்த சமரசம் ஆள் மாறியதும் கரைந்துபோனது.

பாஸ் கட்சிக்கும் இடமா?

இந்த இடத்தில் நம்மவர்கள் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். இன்றைய எதிரணியில் பெரிய கட்சி பாஸ். அவர்களுக்கு நீதிபதி நியமனத்தில் பங்கு கொடுக்கச் சொல்கிறீர்களா?

ஆம், சொல்கிறேன். 2022 தேர்தலில் தனிக்கட்சியாக அதிக இடம் பிடித்தது அவர்கள்தான். நாளை பிரதமர் அந்த அணியிலிருந்து வந்தால், இன்றைய சட்டப்படி நியமனம் முழுக்க அவர் கையில். அன்று நம் பள்ளிகளைப் பற்றிய வழக்கை விசாரிக்கப்போகும் நீதிபதியை அவர் தேர்ந்தெடுப்பார். எதிர்வரிசையில் இருக்கும் நம் பிரதிநிதிகள் பத்திரிகைச் செய்தி வெளியிட்டுக்கொண்டிருப்பார்கள். பலர் ஒப்பினால்தான் பெயர் நகரும் என்ற விதி, யார் வந்தாலும் அவர் கையைக் கட்டும். இன்று அவர்களுக்கு ஓர் இடம் தருவது, நாளை நமக்கு ஓர் இடத்தை உறுதி செய்வது.

ஆகவே கேட்க வேண்டியவை இவை. நியமன ஆணையத்தை 122பி-க்குள் எழுத வேண்டும். பிரமுகர் நால்வரையும் பிரதமர் தனியாக நியமிக்காமல், இரு தரப்பும் சம அளவில் அமரும் நாடாளுமன்றக் குழு தேர்ந்தெடுக்க வேண்டும். ஆணையம் தரும் பட்டியலுக்கு வெளியே பிரதமர் போகக் கூடாது. தலைமை நீதிபதி ஓய்வு பெறும் முன்பே அடுத்தவர் பெயர் அறிவிக்கப்பட வேண்டும். பதிலுக்கு எதிர்க்கட்சியும் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். தனியொரு பெயரை முடக்கும் அதிகாரம் தனக்கு வேண்டும் என்று அது பிடிவாதம் பிடிக்கக் கூடாது; உனக்கொன்று எனக்கொன்று என்று நீதிபதிகளைப் பங்கு போடவும் கூடாது. கட்சிக் கணக்கில் வந்த நீதிபதி, எந்தக் கட்சிக் கணக்கில் வந்தாலும், ஏழை வழக்காளிக்கு ஆபத்துதான்.

அலோர் காஜா நாடாளுமன்றத் தொகுதியில் ரெம்பியாவும் அடங்கும். அங்கே வாக்குக் கேட்டு வருபவர் நீல நிறத்தில் வந்தாலும் பச்சையில் வந்தாலும், சாலை, வடிகால், பள்ளி மானியம் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: நீங்கள் எதிர்வரிசையில் உட்கார நேர்ந்தால் 122பி-யைத் திருத்த வாக்களிப்பீர்களா? ஆளும் வரிசையில் உட்கார்ந்தால் அந்தத் திருத்தத்தைக் கொண்டுவருவீர்களா? இரண்டுக்கும் ஒரே பதில் சொல்பவருக்கு உங்கள் வாக்கைக் கொடுங்கள்.