மகனின் ரீசேட்டில் ஒரு தெரு

மட்டக்களப்பு வாவிக்கரையில் தையல் மெசினை நம்பிப் பிழைப்பவள் நான். அன்றைக்கு மகனின் ரீசேட்டைத் தோள்மூட்டில் தைக்க எடுத்தேன். நெஞ்சில் கேடயம் மாதிரி ஒரு வடிவம், நடுவில் 66. ஏதோ விளையாட்டுக் கழகத்தின் இலக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். கம்பஸில் படிக்கும் மகள் சொன்னாள், அது அமெரிக்காவில் ஒரு தெருவின் அடையாளப் பலகையாம்.

சிகாகோவிலிருந்து மேற்குக் கடற்கரை வரைக்கும் போகும் அந்த வழிக்கு 1926இல் கொடுத்த இலக்கம் அது. ஏறக்குறைய 3,900 கிலோமீற்றர். 1930களில் வரட்சியிலும் புழுதிப் புயலிலும் வயல் வாடியை இழந்த குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு அந்தத் தெருவால்தான் போயின. 1985இல் இலக்கத்தையே நீக்கிவிட்டார்கள். பலகை மட்டும் உடுப்பில் ஏறி உலகம் சுற்றுகிறது.

சகோதரிகளே, எனக்கும் ஒரு தெரு உண்டு. 2007 தை மாதம் இடுப்பில் மகனும் வயிற்றில் மகளுமாக வாகரையிலிருந்து நான் நடந்து வந்த ஏ15, திருகோணமலை வீதி.

மீந்த வெள்ளைத் துணியைக் கேடயமாக வெட்டினேன். ஓரத்தை மடித்து அயன் பண்ணி, கறுப்பு நூலால் ‘ஏ15’ என்று போட்டுச் சந்தைப் பையில் வைத்துத் தைத்தேன். (ஓரத்துக்கு அரை அங்குலம் விடுங்கள், இல்லாவிட்டால் நூல் பிரியும்.) மகள் சிரித்தாள். அந்த வழியால் வந்த பக்கத்து வீட்டு அக்கா சிரிக்கவில்லை. பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எனக்கும் ஒண்டு தைச்சித் தா புள்ள” என்றாள்.