பாலையின் இரு பொழுதும் பயிரின் ஒரு மரபணுக் குடும்பமும்

புதுச்சேரி வட்டார வழக்கில் நிலக்கடலைக்கு ‘மல்லாட்டை’ என்று பெயர். மணிலாக்கொட்டை என்பதன் மரூஉவாக இது கருதப்படுகிறது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்பயிர் 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டு மானாவாரி நிலங்களில் பரவியது. புதுச்சேரித் துறைமுகத்தின் வழியே பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய், சோப்புத் தொழில்களுக்குக் கப்பலேறியது. அண்மையிலுள்ள திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த டி.எம்.வி. இரகங்கள் உழவர் நன்கறிந்தவை. எனினும் விழுது இறங்கும் பருவத்தில் மழை பொய்த்தால் இரகம் எதுவாயினும் விளைச்சல் குன்றும். இப்பயிருக்கு வறட்சியைத் தாங்கும் ஆற்றலைத் தர மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்றில் பயன்பட்டதோ, இயல்பில் குளிரால் தூண்டப்படும் ஒரு மரபணு. அது எவ்வாறு இயலும் என்பதையும், அதனைத் தமிழில் எழுதுங்கால் எழும் கலைச்சொற் சிக்கலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வறட்சியில் தாவர உயிரணு நீரை இழக்கிறது என்பது வெளிப்படை. உறைபனியில் நிகழ்வதும் ஏறத்தாழ அதுவே. உயிரணுக்களுக்கு இடைப்பட்ட வெளியில் முதலில் பனிக்கட்டி உருவாகிறது. அது உயிரணுவின் உள்ளிருக்கும் நீரை வெளியே ஈர்க்கிறது. புறத்தே நீர் உறைந்து நிற்க, அகத்தே உயிரணு வற்றுகிறது. ஆதலின் இரு நிலைகளிலும் தாவரம் மேற்கொள்ளும் தற்காப்பு பெரிதும் ஒத்திருக்கிறது. சர்க்கரைகளையும் புரோலின் என்னும் அமினோ அமிலத்தையும் சேர்த்து நீரைப் பிடித்துவைக்கிறது. சவ்வுகளும் புரதங்களும் சிதையாமற் காக்கும் சிறப்புப் புரதங்களை ஆக்கிக்கொள்கிறது.

இத்தற்காப்புக்குரிய மரபணுக்கள் பலவற்றின் முகப்பில் சி-சி-ஜி-ஏ-சி என்னும் ஐந்தெழுத்துத் தொடர் அமைந்துள்ளது. அதில் ஒரு கட்டுப்பாட்டுப் புரதம் வந்து பிணைந்தால் அம்மரபணுக்கள் ஒருங்கே செயற்படத் தொடங்கும். அராபிடாப்சிஸ் என்னும் கடுகுக் குடும்பச் சிறுசெடியில் இப்புரதத்தை இரு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. குளிர் தாங்கலை ஆராய்ந்த அமெரிக்காவின் மைக்கேல் தாமஷோ குழு 1997இல் அதனைச் சி.பி.எஃப். என வழங்கியது. கசுவோ ஷினொசாகி, கசுகோ யாமகுச்சி-ஷினொசாகி ஆகியோரின் ஜப்பானியக் குழு 1998இல், நீரிழப்பைக் குறிக்கும் சொல்லை முன்வைத்து, ட்ரெப் எனப் பெயரிட்டது. சி.பி.எஃப்.3 என்பதும் ட்ரெப்1ஏ என்பதும் ஒன்றே. இக்குடும்பத்தில் ட்ரெப்1 பிரிவு குளிராலும், ட்ரெப்2 பிரிவு வறட்சியாலும் உவர்ப்பாலும் தூண்டப்படுகின்றன. தூண்டுவது வேறாயினும் இரண்டும் பிணையும் இடம் ஒன்றே.

ட்ரெப்1ஏ எந்நேரமும் செயற்படுமாறு செய்தபோது செடி குறுகியது. காவலுக்கே ஆற்றல் முழுவதையும் செலவிட்டால் வளர்ச்சிக்கு எஞ்சுவதில்லை போலும். 1999இல் ஜப்பானியக் குழு இம்மரபணுவை, நீரிழப்பும் குளிரும் நேரும்போது மட்டும் மிகுதியாக இயங்கும் ஆர்.டி.29ஏ என்னும் தூண்டுபகுதியோடு இணைத்தது. வளர்ச்சி பெரிதும் குன்றாமலே செடி வறட்சி, உவர்ப்பு, உறைபனி மூன்றையும் தாங்கியது. இவ்விணைப்பையே ஐதராபாத்தை அடுத்த படான்செருவிலுள்ள இக்ரிசாட் நிறுவனத்தார் ஜே.எல்.24 என்னும் நிலக்கடலை இரகத்தில் புகுத்தினர். 2007இல் வெளியான அவர்தம் ஆய்வின்படி, நீர் குறைந்த நிலையில் ஒரு மரபுவழி, மாற்றப்படாத செடியைவிட 40 விழுக்காடு மிகுதியான நீராவிப்போக்குத் திறனைக் காட்டியது. அஃதாவது, இலைவழி வெளியேறும் ஒவ்வோர் அளவு நீருக்கும் கூடுதல் உயிர்ப்பொருளை ஆக்கியது. இவ்வளவீட்டை விளைச்சல் உயர்வு எனப் பொருள்கொள்ளலாகாது. இத்தகைய நிலக்கடலை உழவர் கைக்கு இன்னும் வரவில்லை.

குளிரும் வறட்சியும் ஓரிடத்திற் கூடுவதைக் காணும் தமிழாய்வாளர்க்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வருதல் இயல்பு. பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் வகுத்த அந்நூல், பின்பனியும் அதற்குரித்து எனத் தனியே சேர்க்கிறது. இதைக்கொண்டு மரபணு அறிவை இலக்கணத்தில் தேடுவது பொருந்தாது. திணைப்பொழுது பிரிவு என்னும் உரிப்பொருளைத் தழுவியது; மாசி, பங்குனியின் பனியும் இங்குப் பேசப்படும் உறைபனியும் வேறு வேறு. இவ்வகை ஒப்பீடுகள் ஆய்விதழ்களில் மலிந்துவருதலின் இதனை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. ஆயினும் சிலப்பதிகாரக் காடுகாண் காதை, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாவதாகக் காட்டுவது கலைச்சொல்லாக்கத்திற்கு ஒரு வழி தருகிறது. அங்குப் பாலை என்பது தனி நிலமன்று, நிலம் எய்தும் நிலை. தாவரவியலார் கூறும் நெருக்கடியும் அத்தகையதே.

அந்நெருக்கடியை ‘அழுத்தம்’ என்று பெயர்க்கும் வழக்கு தமிழில் உண்டு. ‘வறட்சி அழுத்தம்’, ‘குளிர் அழுத்தம்’ என்பன அவ்வாறு வந்தவை. நீர் நிறைந்த உயிரணு தன் சுவரை உந்தும் விசைக்கு ‘விறைப்பழுத்தம்’ என்று பெயர். வறட்சியில் குறைவது அதுதான். ஆகவே ‘வறட்சி அழுத்தத்தால் விறைப்பழுத்தம் குறைகிறது’ என எழுத நேர்கிறது. மாணவர் இரண்டையும் ஒருபொருட் சொல்லாகக் கொண்டு மயங்க இடமாகிறது. ‘வறட்சி இடர்’, ‘குளிர் இடர்’ எனின் இம்மயக்கம் நேராது. ட்ரெப்1ஏயைக் ‘குளிர் மரபணு’ எனப் பெயர்ப்பதும் அதன் தூண்டலை மட்டுமே சுட்டும். நிலக்கடலையில் அது செய்த பணி விடுபட்டுப்போகும். இரண்டிற்கும் பொதுவான நீரிழப்பை முன்னிறுத்தி ‘நீரிழப்புக் கட்டுப்பாட்டு மரபணு’ என்பது ஏற்புடையது.